முப்பதாம் வயதில் ஒரு மாணவி: டாக்டர் மேரி ஷார்லீப் அம்மையார்

மலருக்கு யாரேனும் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மன்றச் செயலாளர் கேட்டார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைப் பற்றித்தான் எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். மருத்துவம் படிக்கும் தமிழ்ப் பெண் வேறு யாரைப் பற்றி எழுதுவாள்? அந்த அம்மையாரிடம் எனக்குள்ள மதிப்பு யாருக்கும் குறைந்ததன்று. ஆனால், 1907-ஆம் ஆண்டு அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்வதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே அதே வாயிலில் நுழைந்த மாணவி ஒருவர் இருக்கிறார். நுழைந்தபோது அவருக்கு வயது 30. மூன்று குழந்தைகளின் தாய். எனக்கு இப்போது அவரைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது. அதற்குக் காரணம் உண்டு.

முதற் காரணம் என் பிறப்பு. நான் பிறந்தது சென்னைத் திருவல்லிக்கேணியில், கஸ்தூரிபா காந்தி அம்மையாரின் பெயரைத் தாங்கிய அரசு மகப்பேறு மருத்துவமனையில். என் தாயார் அந்தப் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு அது கோஷா ஆஸ்பத்திரிதான். திருவல்லிக்கேணிக்காரர் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் தில்லிக்கு வந்தபோது எனக்கு வயது 4. கோஷா என்றால் என்ன, அதை ஏன் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பெயராக வைத்தார்கள் என்று கேட்க எனக்கு மேலும் 28 ஆண்டுகள் ஆயின!

இரண்டாவது காரணத்தை வகுப்புத் தோழர்கள் அறிவார்கள். வட இந்தியத் தோழியர் என்னைத் தீதி என்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் அக்கா என்கிறார்கள். விடுதிக் காவலர் மட்டும் நான் யாரோ மாணவியின் தாயார் என்று எண்ணிப் பார்வையாளர் பதிவேட்டை நீட்டினார். பி.காம். படித்து, எட்டு ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதி, மணமாகி, ஒரு மகனையும் பெற்ற பிறகு, 2023-ல் 32-ஆம் வயதில் முதலாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். வகுப்பில் வந்து உட்கார்ந்தேன். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் இது நடந்திராது. 2018-ல் நுழைவுத் தேர்வுக்கு உச்ச வயது பொதுப் பிரிவினருக்கு 25 என்றும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்றும் விதி செய்திருந்தார்கள். வழக்கு தில்லி உயர்நீதி மன்றத்துக்கும் உச்சநீதி மன்றத்துக்கும் போயிற்று. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் அந்த உச்ச வரம்பை எடுத்துவிட்டது. அந்தச் செய்தி வந்த நாளில் அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை. மாலைவரை நான் ஒரு பக்கத்தைக்கூடச் சரியாகக் கூட்டவில்லை.

எனக்கு ஏன் இந்த ஆசை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாள் விழுப்புரம் பக்கத்தவர். கடைத்தெருவில் பேரம் பேசும் அளவுக்கு அவருக்கு இந்தி வரும். உடம்பைப் பற்றிச் சொல்ல வராது. அதிலும் அந்த நோயை ஓர் ஆண் டாக்டரிடம் எந்த மொழியிலும் சொல்ல அவருக்கு வாய் எழவில்லை. துணைக்குப் போன நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. டாக்டர் சொன்னதை வார்த்தை வார்த்தையாகச் சொன்னேனே தவிர, அதன் பொருள் எனக்கே விளங்கவில்லை. வீடு திரும்பும் பேருந்தில் அந்த அம்மாள் என்னிடம் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டார். ஒன்றுக்கும் என்னிடம் விடை இல்லை.

நிற்க. நம் கதாநாயகியிடம் வருவோம்.

மேரி பேர்ட் என்பது அவருடைய இளமைப் பெயர். 1845 ஜூன் 18-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்து, பாட்டன் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். 1865 டிசம்பரில் வில்லியம் ஷார்லீப் என்னும் சட்ட மாணவரை மணந்தார். பாரிஸ்டராகிச் சென்னையில் தொழில் நடத்துவது என்பது மணமகனின் திட்டம். மறு ஆண்டே இருவரும் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். சூயஸ் கால்வாய் திறக்கப்படாத காலம் அது. கப்பல் வந்து கரையை அணைய ஒரு துறைமுகமும் அப்போது சென்னைக்கு இல்லை.

வந்த இடத்தில் அவர் மற்ற துரைசானிகளைப் போல விருந்தும் தோட்டமுமாக இருந்திருக்கலாம். கணவர் சட்ட இதழ்கள் நடத்தினார். அதில் துணை புரிந்தார். குழந்தைகள் மூவர் பிறந்தார்கள். இதற்கிடையே அவர் காதில் விழுந்த சில செய்திகள் அவரைத் தூங்கவிடவில்லை. மேல் சாதி இந்துக் குடும்பங்களிலும், கோஷா முறையைக் கடைப்பிடித்த முஸ்லிம் குடும்பங்களிலும் ஆண் மருத்துவர் பெண்ணின் நாடியைத் தொடுவதே அரிது. பிரசவம் சிக்கலானால் மருத்துவச்சியின் கைப்பழக்கத்துக்கு மேல் வேறு துணை கிடையாது. பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. படித்த டாக்டர்கள் இருந்தார்கள். ஆனாலும் ஒரு திரைக்கு அப்பால் தாய்மார்கள் மாண்டுகொண்டிருந்தார்கள். கோஷா என்றால் திரைமறைவு. என் தாயார் வாயிலிருந்த சொல்லுக்கு இதுதான் பொருள்.

அம்மையார் முதலில் மருத்துவர் ஆக நினைக்கவில்லை. பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும் என்றே எண்ணினார். எழும்பூரில் 1844 முதல் இயங்கிவந்த பிரசவ ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றார். ஒரு பாரிஸ்டரின் மனைவி அங்கே போய்க் கற்பதைச் சீமாட்டிகள் எப்படிப் பேசியிருப்பார்கள் என்பதை நான் கற்பனை செய்து பார்ப்பதுண்டு. அவர் நின்றிருக்கக் கூடிய முதல் இடம் இது. வீட்டுக்கு வீடு போய்ப் பிரசவம் பார்த்து, புண்ணியவதி என்று பெயர் வாங்கிக்கொண்டு நிறைவாக வாழ்ந்திருக்கலாம். ஆனால், பிரசவம் பார்க்கப் போனவர் கண்ணில் பட்டது பிரசவம் மட்டுமன்று. காய்ச்சல், கட்டி, குழந்தையின் நோய் எல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால் இருந்தன. பாதி அறிவு அவருக்குப் போதவில்லை.

அச்சமயம் சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தவர் எட்வர்டு பால்ஃபர். எழும்பூர் அருங்காட்சியகத்தை 1851-ல் தொடங்கி வைத்த அதே பால்ஃபர்தான். ஆங்கிலப் பிரசவ மருத்துவ நூல் ஒன்றைத் தாமே இந்துஸ்தானியில் மொழிபெயர்த்து, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பிறரைக் கொண்டு பெயர்க்கச் செய்து, சொந்தக் காசில் அச்சிட்ட மனிதர். பெண்களை மருத்துவக் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் கதவு பெண்களுக்குத் திறந்தது. நால்வர் சேர்ந்தார்கள்: ஷார்லீப் அம்மையார், செல்வி ஒயிட், செல்வி மிட்செல், செல்வி பீல்.

இந்த ஆண்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எடின்பரோவில் மருத்துவம் படிக்க வந்த பெண்களை 1870 நவம்பரில் ஒரு கும்பல் சேற்றை வாரி இறைத்துத் தேர்வு மண்டபத்துக்குள் நுழைய விடாமல் தடுத்தது. இலண்டன் பல்கலைக் கழகம் பெண்களுக்குப் பட்டம் தர இசைந்தது 1878-ல்தான். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் காதம்பினி கங்கூலி சேர்ந்தது 1880-களில். நம் தில்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 1916 பிப்ரவரியில். அதற்கு அடிக்கல் நாட்டிய ஹார்டிஞ்ச் சீமாட்டி திறப்பு விழாவைக் காணவில்லை, 1914-லேயே இறந்துபோனார். அங்கே படித்த முதல் மாணவிகள் இறுதித் தேர்வு எழுத லாகூருக்குப் போக வேண்டியிருந்ததாம். கன்னாட் பிளேஸ் பக்கம் போகும்போதெல்லாம் அந்த மாணவிகளின் ரயில் பயணத்தை நினைத்துக்கொள்வேன். சென்னை இவர்களுக்கெல்லாம் முந்திக்கொண்டது. தமிழர்களாகிய நாம் பெருமைப்பட வேண்டிய செய்திதான். என்றாலும், அந்த நால்வரில் ஒருவர்கூடத் தமிழ்ப் பெண் அல்லர் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாண்டுப் படிப்பு. 1878-ல் மருத்துவம், அறுவை, பிரசவம் மூன்றிலும் தொழில் செய்ய உரிமம் கிடைத்தது. அம்மையாருக்கு வயது 33. இங்கே இரண்டாம் முறையாக அவர் நின்றிருக்கலாம். சென்னையில் அவருக்குப் போட்டியே இல்லை. ஆனால் கையில் இருந்தது உரிமச் சான்றுதான், பட்டம் அன்று. ஆண் மருத்துவர்களுக்கு நிகராக நிற்கவும், பிற பெண்களுக்குக் கற்பிக்கவும், ஓர் ஆஸ்பத்திரியைத் தம் பொறுப்பில் நடத்தவும் அது போதாது. உடல்நலமும் சென்னை வெயிலில் கெட்டிருந்தது. இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

இலண்டனில் பட்டம் வேண்டுமானால் மெட்ரிகுலேஷனிலிருந்து தொடங்க வேண்டும்! சென்னையில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்தவர் பள்ளிப் பிள்ளைகளின் தேர்வுக்குப் பாடம் படித்தார். 32-ஆம் வயதில் தவளையின் படத்தையும் இரசாயனச் சமன்பாடுகளையும் வைத்துக்கொண்டு விழித்த எனக்கு, அவர் வாழ்க்கையில் மிக நெருக்கமாகத் தோன்றும் கட்டம் இதுதான். பெண்களுக்கென்று 1874-ல் தொடங்கிய இலண்டன் மருத்துவப் பள்ளியில் பாடம். ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் பயிற்சி. கணவரின் தொழிலோ சென்னையில். இவரது படிப்போ இலண்டனில். கடிதம் போய்ச் சேர வாரக் கணக்காகும் காலம். குடும்பம் இதற்கு என்ன விலை கொடுத்தது என்பதை வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் தாண்டிவிடுகின்றன. எனக்கு அப்படித் தாண்ட முடியவில்லை. என் மகன் ஆறாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கும்போது நான் காதை அவனிடமும் கண்ணை நரம்பு மண்டலப் படத்திலும் வைத்திருந்ததை அவன் கண்டுபிடித்துவிட்டான். அன்றிலிருந்து மயூர் விஹார் வீட்டில் பாட்டியிடம்தான் வாய்ப்பாடு ஒப்பிக்கிறான். ஷார்லீப் அம்மையாரின் மகன்களில் ஒருவர் பின்னாளில் மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்த டாக்டரானார் என்று அறிந்தபோது எனக்கு உண்டான ஆறுதலை வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

1882-ல் எம்.பி., பி.எஸ். பட்டங்களைப் பெற்றார். இலண்டன் பல்கலைக் கழகத்தில் அவற்றைப் பெற்ற முதல் பெண்கள் இருவர். ஒருவர் எடித் ஷோவ், மற்றவர் நம் அம்மையார். பிரசவ மருத்துவத்தில் தங்கப் பதக்கமும் அவருக்கே. வயது 37. இது மூன்றாவது நிறுத்தம். அதிலும் நிற்காமல் வியன்னாவுக்குப் போய்ப் பிரசவ அறுவை முறைகளைக் கற்றார். வியன்னாவுக்கு ஒரு சிறப்பு உண்டு. அங்கேதான் 1847-ல் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணத்தை அறுத்துச் சோதித்த கையோடு பிரசவ அறைக்குள் வருகிறவர்களைக் குளோரின் நீரில் கை கழுவச் செய்தார். அவருடைய பிரிவில் நூற்றுக்குப் பதினொருவர் வீதம் மாண்டுகொண்டிருந்த தாய்மார்களின் தொகை, அடுத்த ஆண்டில் ஒன்று, ஒன்றே கால் என்று இறங்கியது. அவர் சொன்னதை அவர் காலத்து மருத்துவர் பலர் ஏற்கவில்லை. ஷார்லீப் அம்மையார் படித்த காலத்தில் லிஸ்டரின் கார்பாலிக் முறை பரவி, கைச் சுத்தம் அறுவையின் அரிச்சுவடி ஆகிவிட்டிருந்தது. 1875-லேயே படிப்பை நிறுத்தியிருந்தால் அவர் சென்னையில் கையாண்டிருக்கக் கூடிய மருத்துவமும், 1883-ல் கொண்டுவந்த மருத்துவமும் ஒன்றல்ல. இந்த இடைவெளியில் பிழைத்த தாய்மார்களை யார் எண்ணிவைத்தார்கள்?

புறப்படும் முன் விக்டோரியா மகாராணியைக் கண்டு, இந்தியப் பெண்களின் நிலையை எடுத்துச் சொல்லும் வாய்ப்புக் கிடைத்தது. 1883-ல் சென்னை திரும்பினார். மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அதே கல்லூரியில் விரிவுரை ஆற்றினார். 1885-ல் நுங்கம்பாக்கத்தில், சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா ஆஸ்பத்திரி பிறந்தது. பெண்களே மருத்துவர், பெண்களே தாதியர். திரையை விலக்கச் சொல்லி அவர் யாரிடமும் வாதாடவில்லை. திரைக்கு உள்ளேயே ஆஸ்பத்திரியைக் கொண்டுபோய்விட்டார். இது சரியா, சாதியையும் கோஷாவையும் இது உறுதிப்படுத்தவில்லையா என்று இன்றைக்கு ஒருவர் கேட்கலாம். கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் பிரசவ வலி, சமூகச் சீர்திருத்தம் முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. பிறகு வேங்கடகிரி இராஜாவின் நன்கொடையால் கட்டடம் எழும்ப, 1890-ல் ஆஸ்பத்திரி சேப்பாக்கத்துக்கு வந்தது. நான் பிறந்த இடம் அதுதான்.

அப்போது அம்மையார் அங்கே இல்லை. உடல்நலம் குன்றி 1887-லேயே இலண்டனுக்குத் திரும்பிவிட்டார்.

இங்கே என் சித்தப்பாவை அறிமுகம் செய்ய வேண்டும். கணக்குத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் வேலையை விட்ட வாரம் வீட்டுக்கு வந்து, காப்பியைக்கூடத் தொடாமல் விரல் விட்டு எண்ணினார். படிப்பு நாலரை ஆண்டு, பயிற்சி ஓராண்டு, முடிக்கும்போது வயது 38, மேற்படிப்புக்கு மூன்று ஆண்டு, இடையில் நுழைவுத் தேர்வுக்கு ஓராண்டு, ஆக 42. பிறகு எத்தனை ஆண்டு உழைப்பாய், போட்ட முதல் எப்போது திரும்பும் என்றார். கேலி செய்யவில்லை, பாசத்தோடுதான் கேட்டார். நானும் கணக்கெழுதியவள், அவர் கூட்டலில் பிழை காண முடியவில்லை.

அதே முறையில் ஷார்லீப் அம்மையாரின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 1875 முதல் 1882 வரை படிப்பு ஏழு ஆண்டு; அதற்குப் பின் சென்னையில் உழைத்தது நான்கே ஆண்டு. சித்தப்பாவின் பேரேட்டில் இது நட்டம். ஆனால் கணக்கை 1887-லேயே முடித்துவிட்டோமே! மறு ஆண்டில், 43-ஆம் வயதில், இலண்டன் பல்கலைக் கழகத்தின் எம்.டி. பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். 1891-ல் கணவர் காலமானார். 1897-ல், 52-ஆம் வயதில், எம்.எஸ். பட்டம். 1902-ல், 57-ஆம் வயதில், தாம் மாணவியாக நடந்த ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியிலேயே பெண் நோய்ப் பிரிவின் மருத்துவர். 80 வயதைக் கடந்த பின், 1926-ல், டேம் பட்டம் அளித்துச் சிறப்பித்தார்கள். 1930 நவம்பர் 21-ல் மறைந்தார். ஆஸ்பத்திரியோ 1885-லிருந்து இன்றுவரை நடக்கிறது. அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று சித்தப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

அவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. ஆளும் இனத்தில் பிறந்தவர். அதிகாரிகள் கதவு அவருக்குத் திறந்த வேகத்தில் மயிலாப்பூர் விதவை ஒருத்திக்குத் திறந்திராது. வீட்டு வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள், பணம் இருந்தது, தடுக்காத கணவர் இருந்தார். பிற்காலத்தில் அவர் எழுதிய நூல்களில் இன மேம்பாடு என்ற பெயரில் அக்காலத்தில் பரவியிருந்த கருத்துக்கள் தலைகாட்டுகின்றன, கருத்தடையை எதிர்த்தார். ஒன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. இவ்வளவையும் கழித்த பிறகும், 30-ஆம் வயதில் கல்லூரி வாயிலில் நின்ற அந்தப் பெண் என் கண்ணை விட்டு அகலவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் சென்னை போயிருந்தேன். ஆட்டோக்காரரிடம் மருத்துவமனையின் முழுப் பெயரைச் சொன்னேன்; விழித்தார். கோஷா ஆஸ்பத்திரி என்றதும் வண்டியைக் கிளப்பினார். வாயிலில் தூக்குப் பாத்திரமும் பிளாஸ்க்குமாக உறவினர் கூட்டம். தில்லி மாணவி என்று சொல்லி உள்ளே போகலாம் என நினைத்தேன். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று காவலாளி அம்மாள் மறித்தார். அவருக்கு என்னைவிட ஓரிரு வயது குறைவுதான் இருக்கும். நான் இங்கேதான் பிறந்தேன் என்றேன். தாமும் அங்கேதான் பிறந்ததாகச் சொல்லி, நிழலில் ஒரு நாற்காலியைக் காட்டினார், கதவைத் திறக்கவில்லை. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து வந்தேன். பையில் மருந்தியல் புத்தகம் இருந்தது. தில்லி திரும்பிய மறுநாள் தேர்வு.